ஒன்பது மணி நேரமும் ஐந்து நிமிஷமும்

உழைப்பென்பது பயன் தருவதென்று நம்பி வளர்ந்தவர் யாம். ஆதலின், பெல்ஜிய நாட்டிற் பிறந்து 1986-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ நகரஞ் சென்று தங்கிவிட்ட பிரான்சிஸ் ஆலீஸ் என்னுங் கலைஞரின் சலனப்படமொன்றை நண்பரொருவர் காட்டியபொழுது, முதலில் நகைத்தோம். பின்னர்ச் சிறிது சினமுங் கொண்டோம்.

படத்தில் நிகழ்வது இவ்வளவே. 1997-ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர் பெரியதொரு பனிக்கட்டியை அந்நகர வீதிகளில் தள்ளிக்கொண்டு செல்கின்றார். வண்டியில்லை, கயிறில்லை. தொடக்கத்திற் கட்டி மிகக் கனமுடையது. முதுகு வளைய, இரு கைகளாலுந் தள்ளுகின்றார். அது சென்ற வழியில் ஈரக்கோடொன்று நீளுகின்றது. அக்கோடும் நில்லாது உலர்வதே. கட்டி சிறுக்கச் சிறுக்க மனிதர் நிமிர்கின்றார். இறுதியில், பள்ளிச் சிறுவன் வழியிற் கிடக்குங் கல்லை உதைத்துச் செல்வதுபோல் அதனைக் காலால் உதைத்துக்கொண்டே நடக்கின்றார். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்தபின் எஞ்சியது தரையிற் சிறிது நீர். சில வேளைகளில் ஒன்றைச் செய்வது ஒன்றுமின்மையில் முடியும் என்பது அப்படைப்பின் பெயரிலேயே அடங்கியுள்ளது.

எமது சினத்தைத் தணித்தவர் அவ்வீதியின் மக்களே. அவருட் பலர் திரும்பியும் பாரார். வீதியிற் பாரந் தள்ளும் மனிதனைக் கண்டு வியக்கும் நகரம் எது? நாள் முழுதும் சுமந்தும் மாலையிற் கையில் ஒன்றும் நில்லாதார் எங்குமுளர். அவரைப் பாராத கண்கள் இவரையும் பாராது போயின. நகைத்த யாமும் அக்கண்களையே உடையோம் என்பது அப்பொழுது விளங்கிற்று.

ஆயினும் ஓர் ஐயம். ஒன்பது மணி நேரத்தைப் படம் ஐந்து நிமிஷமாகச் சுருக்கிவிட்டது. பனிக்கட்டி கரைந்து போயிற்று; வந்தவர்க்கெல்லாம் மிஞ்சுவது படமே. அதனை எவ்வளவு நம்பலாம்? இவ்வினாவை அக்கலைஞர் தாமே 2000-ஆம் ஆண்டில் எழுப்பினார். கடையிற் கைத்துப்பாக்கி வாங்கி, அதனை வெளிப்படையாய்க் கையிலேந்தி அந்நகர வீதியில் நடந்தார். காவலர் வந்து பிடித்தனர். பின்னர்க் காவலரின் இசைவுடனேயே அவ்வளவையும் மீண்டும் நடித்தார். ரபாயேல் ஓர்த்தேகா என்பவர் இரண்டையும் படம் பிடித்தார். இரண்டும் அருகருகே காட்டப்படுகின்றன. காட்சியை மட்டுங் கொண்டு மெய்யெது, நடிப்பெது எனப் பிரித்தறிய எம்மால் இயலவில்லை. (துப்பாக்கியுடன் விளையாடியது எமக்கு உடன்பாடன்று, உயிர்ச்சேதம் நேர்ந்திருப்பின் கலையென்று யார் விடையிறுப்பார்?)

அதன்பின் பனிக்கட்டிப் படத்தை மீண்டும் இட்டுப் பார்த்தோம், இம்முறை வெட்டுக்களை எண்ணும் நோக்கத்துடன். காட்சி மாறுந்தோறும் கட்டி முன்னையினுஞ் சிறிதே. அம்மனிதர் எப்பொழுது உண்டார், எந்நிழலில் இளைப்பாறினார், மரத்துப்போன விரல்களை என்ன செய்தார்? யாம் காண விரும்பியவை அவையே; படத்தில் அவை இல்லை.