விசில் அடிக்காத குக்கர்

வாடகைக்கு வீடு தேடிப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்பது நகரத்தில் குறைந்திருக்கிறது. அதற்குப் பதிலாக "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்கிறார்கள். நான்வெஜ் என்றால் "சொந்த ஊர் எது?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். அதற்கும் பதில் சொல்லிவிட்டால், நேற்றே வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகத் தெரியவரும்.

2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படியிருக்க, வீட்டு புரோக்கரின் பட்டியலில் இத்தனை 'வெஜ் ஒன்லி' வீடுகள் எங்கிருந்து வருகின்றன? கீழே குடியிருந்து ஞாயிறுதோறும் ஆட்டுக்கறி எடுக்கும் உரிமையாளரே மாடி போர்ஷனுக்கு அந்த நிபந்தனையைப் போடுகிறார். அவர் கறிக்கு எதிரி இல்லை. யாருடைய அடுப்பில் கறி வேகிறது என்பதுதான் அவருக்குப் பிரச்சினை.

இந்த நிபந்தனைக்குள் வாழும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் ரகசியமாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு வழி உண்டு: எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர். நாங்கள் நான்கு பேர் முன்பு இருந்த வீட்டில் "கவுச்சி வாடை மேலே வரக்கூடாது" என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிட்டார்கள். பணம் போட்டு அந்தக் குக்கரை வாங்கினோம்.

அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுப்பில் வைக்கும் குக்கரில் அழுத்தம் கூடியதும் வெயிட் தூக்கும், விசில் அடிக்கும், ஒவ்வொரு விசிலிலும் மசாலா வாசத்தோடு ஆவி வெளியே போகும். எலெக்ட்ரிக் குக்கரில் அழுத்தம் சேர்ந்ததும் ஒரு சின்னப் பின் மேலே ஏறி வழியை அடைத்துவிடும். சென்சார் சொல்லச் சொல்ல ஹீட்டர் தானாக அணைந்து எரியும். விசில் கிடையாது. வெந்த பிறகு வால்வைத் தொடாமல் விட்டால், ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். பின் தானாக இறங்கியதும் மூடியைத் திறக்கலாம். முழுக்கோழியை வேகவைத்தாலும் பக்கத்து வீட்டுக்குச் சத்தமும் போகாது, வாசமும் அதிகம் போகாது.

ஆனால் அப்படிச் சமைக்க ஒரு விலை கொடுக்க வேண்டும். கோழியின் ருசி பாதி, தோல் எண்ணெயில் பட்டுச் சிவப்பதில் இருக்கிறது. வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்குவதில் இருக்கிறது. தெருவுக்கே தெரிகிற வாசம் வருவதும் அந்த நேரத்தில்தான். மறைத்துச் சமைக்கிறவர் அந்தக் கட்டத்தை விட்டுவிட வேண்டும். பச்சையாக உள்ளே வைத்து மூட வேண்டும். வெளியே வருவது வெந்திருக்கும், ஆனால் வெளுத்துப்போயிருக்கும். ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி. வாசத்தை எடுத்துவிட்டு ருசியை மட்டும் வைத்துக்கொள்ள எந்தக் கம்பெனியும் இன்னும் இயந்திரம் செய்யவில்லை.

மறைத்துச் சமைக்கும் தோழர்களை நாம் குறை சொல்லவில்லை. பருவத் தேர்வுக்கு நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க முடியாது. தனியாகத் தங்கியிருக்கும் பெண்களுக்கு இன்னும் கடினம். அண்ணல் அம்பேத்கரே வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது, வேறு அடையாளத்தில் ஒரு பார்சி விடுதியில் தங்க வேண்டியிருந்தது. தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். மறைக்க வைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், மறைத்தவர் அல்ல.

இது வாடகை வீட்டோடு நிற்பதும் இல்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனி கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் கோழிக்கும் ஆட்டுக்கும் இடம் இருந்தது, மாட்டுக்கறி பிரியாணிக்கு இல்லை. எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. கோழிக்காவது 'நான்வெஜ்' என்ற பொதுப்பெயர் கிடைக்கிறது. மாட்டுக்கறிக்கு அதுவும் இல்லை. தட்டிலும் படிநிலைதான்.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்கிறது. தனியார் வாடகை வீடு அந்தப் பட்டியலில் எழுதப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் 'வெஜ் ஒன்லி' குடியிருக்கிறது. வாடகைச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக வெளிப்படையான பிரிவு வேண்டும் என்பது நம் கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும்.

அடுத்த வீடு தேடியபோது நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். அவர்கள் கேட்பதற்கு முன்பே "கறி சமைப்போம், மாட்டுக்கறியும் சமைப்போம்" என்று சொல்லிவிடுவது. மூன்று வீடுகள் போயின. நாலாவது வீட்டம்மா "சமைச்சா சுத்தமா வச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கல்லூரிக்கும் வேலைக்கும் போக முன்பைவிட ஒரு மணி நேரம் கூடுதல் பயணம். அந்த ஒரு மணி நேரமும் சாதி நம்மிடம் வசூலிக்கும் வாடகைதான். அதைக் கட்ட முடிந்ததால் கட்டுகிறோம். எல்லோராலும் முடியாது என்பதும் தெரியும்.

குக்கரைத் தூக்கிப் போடவில்லை. வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு அது நல்ல துணை. இப்போது நாங்கள் சமைப்பது இப்படி: ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ வரும் முழுக்கோழி. கடையில் தோலோடு, வெட்டாமல் கேட்டு வாங்குங்கள். ஆறு லிட்டர் குக்கரில் கச்சிதமாக உட்காரும். உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு கலந்து வயிற்றுக்குள்ளும் தடவி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வதக்கும் பட்டனை அழுத்தி எண்ணெயில் இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்க விடுங்கள். கோழியை எடுத்துவிட்டுச் சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் வதக்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிடுங்கள். சுரண்டாவிட்டால் அடிப்பிடிக்கிறது என்று இயந்திரம் நின்றுவிடும். கம்பி ஸ்டாண்டு வைத்துக் கோழியை அதன்மேல் உட்கார வைத்து, உயர் அழுத்தத்தில் 25 நிமிடம். பிறகு 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். தொடையின் தடித்த இடத்தில் குத்தினால் சாறு தெளிவாக வரவேண்டும். சிவப்பாக வந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

முழுக்கோழியில் இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் ஒரு கோழி அடித்தால் பத்துப் பேர். தொடை விருந்தாளிக்கும் ஆண்களுக்கும் போகும். சமைத்த அம்மாவுக்குக் கழுத்தும் முதுகும், சில நாள் வெறும் குழம்பும். முழுசாக நடுவில் வைத்தால் யாருக்கு எது போகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் சமைத்தவர்தான் முதலில் கை வைப்பார். சாதியை எதிர்க்கிற அடுப்படியில் இதையும் பேசியாக வேண்டும்.

வீடு தேடும் தோழர்களுக்கு: நிபந்தனையை வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதியதை அழிக்காதீர்கள். மறுக்கப்பட்ட தேதி, தெரு, சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்து வையுங்கள். ஒருவரிடம் இருந்தால் அது புலம்பல், நூறு பேரிடம் இருந்தால் அது ஆதாரம்.

எலும்பை எறிந்துவிடாதீர்கள். அதே குக்கரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். மறுநாள் ரசத்துக்கு ஆகும். கீழ்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள்.