நக்ஷ்-இ-ருஸ்தம்

ஷீராஸ் நகரினின்று வடகிழக்கே மார்வ்தஷ்த் சமவெளிக்கு வரும் பிரயாணிகளில் பலர், கி.மு. 330இல் அலெக்ஸாந்தர் கைப்பற்றி எரித்த பெர்ஸெபொலிஸ் அரண்மனையின் தூண்களைக் கண்டதோடு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்கள். நானோ, அங்கிருந்து சில மைல் தூரத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் நக்ஷ்-இ-ருஸ்தம் பாறையையே பாரசீக சரித்திரத்தின் தலைவாயில் என்பேன்.

பாறையின் மேற்பாகத்தில், எளிதில் ஏற முடியாத உயரத்தில், சிலுவை வடிவ முகப்புடன் நான்கு ராஜ ஸமாதிகள் குடையப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று டாரியஸ் சக்கரவர்த்தியினுடையது என்று அதிலுள்ள கல்வெட்டே சொல்லிவிடுகிறது; மற்றவை ஸெர்க்ஸஸ் முதலிய அவன் சந்ததியாருடையவை என்பது அறிஞர் ஊகம். அக்கினி பீடத்தின் முன் வில்லேந்தி நிற்கும் டாரியஸின் மேடையை 30 தேசத்தார் தாங்குகிறார்கள்; காந்தாரத்தானும் சிந்து நாட்டானும் அவர்களில் உண்டு.

ஆயினும் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தவை, அந்த ஸமாதிகளுக்குக் கீழே ஸஸானிய மன்னர்கள் செதுக்குவித்த சிற்பங்களே. டாரியஸுக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகள் பிற்பட்டவனாகிய அர்தஷீர், கி.பி. 224இல் பார்த்திய மன்னன் அர்தபானஸை வீழ்த்தி அரசைக் கைக்கொண்டவன், குதிரைமீது அமர்ந்தபடியே, எதிரே குதிரைமீது வீற்றிருக்கும் அஹுர மஸ்தாவின் கையினின்று ராஜ்யாதிகார வளையத்தைப் பெறுகிறான்; அரசன் குதிரையின் காலடியில் அர்தபானஸும், தெய்வத்தின் குதிரைக் காலடியில் தீமைக்கு அதிபதியான அஹ்ரிமனும் கிடக்கிறார்கள். தன் பகைவனைத் தெய்வத்தின் பகைவனுக்கு இணையாகக் கிடத்திய இந்தச் சாமர்த்தியத்துக்கு முன், அவன் மகன் ஷாப்பூர், கி.பி. 260இல் சிறைபிடித்த ரோமாபுரிச் சக்கரவர்த்தி வலேரியனின் கையைப் பற்றியிருக்கும் படாடோபம் எனக்குச் சாமானியமாகவே பட்டது. பிற்காலத்துக் குடியானவர்களோ, இந்த வீரர்களையெல்லாம் ஷாநாமா காவியத்தின் ருஸ்தம் என்றே எண்ணிவிட்டார்கள்!

ஸஸானிய மன்னன் இரண்டாம் பஹ்ராம் செய்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. டாரியஸுக்கும் முற்பட்ட ஈலாமியரின் சிற்பம் ஒன்றைச் செதுக்கி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் தன்னையும் தன் பரிவாரத்தையும் அமைத்துக்கொண்டான். தப்பியவற்றுள் தெளிவானது, ஓரத்தில் நிற்கும் கூர்ந்த தொப்பிக்காரன் ஒருவனின் உருவம்.

ஈலாமியருக்கு அதுவாவது மிஞ்சிற்று. ஏறக்குறைய 470 ஆண்டுகள் ஆட்சி புரிந்த பார்த்தியர் செதுக்கிய சிற்பம் இப்பாறையில் ஒன்றையும் காணோம். ஆனால் அர்தஷீரின் சிற்பத்திலே அவன் பெயரும் விருதுகளும் மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று பாரசீகம், ஒன்று கிரேக்கம், மற்றொன்று அவன் தோற்கடித்த பார்த்தியரின் மொழி.