மாதம் ஒரு மில்லிமீட்டர்

எங்கள் வீட்டில் பல்லுக்கு கிளிப் போட்டவர்கள் மூன்று பேர். அக்கா 2003இல், இருபது வயதில். நான் 2022இல், முப்பத்து நான்கில். அக்கா மகள் போன வருடம், பத்து வயதில். மூன்று பேருக்கும் ஒரே வம்சத்துப் பல். மேல்வரிசை முன்னால் தள்ளியிருக்கும், கீழ்வரிசை இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். பாட்டி இதற்கு வைத்த பெயர் 'தேங்காய்த் துருவி'. பல் ஒன்றுதான் என்றாலும் வைத்தியம் மூன்று விதம். காரணமும் மூன்று.

அக்காவுக்குப் போட்டது கல்யாணத்துக்காக. இதை யாரும் ஒளித்ததில்லை. ஜாதகம் எடுக்கறதுக்கு முன்னாடி பல்லைச் சரி பண்ணிடுங்க என்று அத்தை சொன்னார். அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. எனக்கு அப்போது பதினைந்து. அக்காவை விட மோசமான பல் எனக்கு. "ஆம்பளப் புள்ளைக்கு என்ன, மீசை வந்தா மறைஞ்சிடும்" என்று என் விஷயம் ஒரே வரியில் முடிந்தது. தாடை எலும்பின் கணக்கை வைத்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பதினைந்து வயதுப் பையனுக்குத் தாடை வளர்ச்சி இன்னும் மிச்சம் இருக்கும். இருபது வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் வரிசையைத் தீர்மானித்தது கல்யாணச் சந்தை.

கம்பி பல்லை இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், குறடு ஆணியை இழுப்பதுபோல. ஆனால் பல் எலும்பில் சிமெண்ட் வைத்து நட்டதல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல் அதில்தான் தொங்குகிறது. கம்பி மெதுவாகத் தள்ளும்போது, அழுந்துகிற பக்கத்து எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் அரித்துத் தின்னும். எதிர்ப்பக்கம் விரிந்த இடத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பு கட்டும். முன்னால் இடித்து, பின்னால் கட்டிக்கொண்டே பல் நகர்கிறது. வேகம் சுமாராக மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர். இறுக்கி முறுக்கினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். அதிகம் அழுத்தினால் அந்தப் படலத்தில் ரத்த ஓட்டம் நின்று, அந்த இடமே செத்து, பல் வாரக்கணக்கில் நகராமல் நிற்கும். டெட்லைன் நெருங்கும்போது ஆட்களைக் கூட்டுகிற மேனேஜர்களுக்கு இதைப் படமாகப் போட்டுக் காட்டலாம்.

மெதுவாக, ஆனால் விடாமல் தள்ளும் கம்பி கிடைத்ததே தற்செயல்தான். நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த உலோகத்தை அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ப்யூலர் ஏவுகணை வேலைக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் அதன் குணம் 1960களின் தொடக்கத்தில் தெரிய வந்தது. அடுத்த பத்தாண்டில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற பல் மருத்துவர் அதை வாய்க்குள் கொண்டுவந்தார். என் பல்லில் முதல் ஆறு மாதம் இருந்தது அந்தக் கம்பிதான். ஸ்ரீஜயந்திக்குப் பக்கத்து வீட்டு மாமி கொடுத்த சீடையை நான் தொடவே முடியவில்லை. கொய்யா, கரும்பு எல்லாவற்றுக்கும் தடை. இரண்டு வருடம் தயிர்சாதமே துணை.

பெரியவர்களுக்கும் பல் நகரும். ஈறும் எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் ஐம்பதிலும் போடலாம். தாடை நகராது, அதுதான் வித்தியாசம். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் பொருத்தமே இல்லாத அளவு இடைவெளி என்றால், ஒன்று அறுவை சிகிச்சை, இல்லை பற்களைப் பிடுங்கி இடம் உண்டாக்கி, மீதிப் பற்களை உள்ளே தள்ளி, வெளியே தெரியாமல் ஒப்பேற்றுவது. அக்காவுக்கும் எனக்கும் நடந்தது இரண்டாவது. கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் முன்கடைவாய்ப் பற்கள் நான்கு போயின. ஈறு நோய் இருந்தால் அதை முதலில் அடக்க வேண்டும், இல்லையென்றால் கம்பியே பல்லை ஆட்டிவிடும். இம்பிளான்ட் வைத்த பல் நகரவே நகராது, அதைச் சுற்றி அந்த நார்ப்படலம் கிடையாது. ஆகவே போன பல்லுக்கு இம்பிளான்ட் வைக்கும் எண்ணம் இருந்தால், கிளிப்பை முடித்துவிட்டு வைப்பதுதான் பொதுவான முறை.

தில்லைநகரில் நான் போன டாக்டர் திரையில் ஒரு அனிமேஷன் காட்டினார். என் பற்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன, பகல்பத்து கூட்டத்தில் யாரோ கயிறு கட்டிவிட்டது மாதிரி. அந்த மென்பொருள் உலகத்தைத் தொடங்கிவைத்தவர்கள் ஸியா சிஷ்டியும் கெல்சி வர்த்தும். ஸ்டான்ஃபோர்டில் மேலாண்மை படித்தவர்கள், பல் மருத்துவர்கள் அல்ல. 1997இல் அலைன் டெக்னாலஜி என்ற நிறுவனம் தொடங்கினார்கள். சிஷ்டி பெரியவரான பிறகு கம்பி போட்டவர். கண்ணாடி போன்ற அலைனர் அப்படி வந்தது. ஒரு நாளைக்கு 20, 22 மணி நேரம் போட்டால்தான் வேலை செய்யும். நான் கம்பியைத் தேர்ந்தேன். என்னைப் போல ஒரு நாளில் பத்து காபி குடிப்பவன் அதைக் கழற்றிக் கழற்றி எங்காவது தொலைத்துவிடுவான். தவிர, சிமுலேஷன் எழுதிப் பிழைப்பவனுக்கு சிமுலேஷன் மேல் பெரிய மரியாதை வராது. திரையில் பல் நகர்கிறது. எலும்பு அந்தக் கோடை எழுதியவரைக் கேட்டு நகர்வதில்லை.

கம்பியைக் கழற்றிய பிறகு வருவதுதான் நீளமான பகுதி. அக்காவுக்கு 2005இல் கழற்றினார்கள், 2006இல் கல்யாணம். ரிடெய்னர் என்று ஒரு ரோஸ் தகடு கொடுத்து "ஆறு மாசம் போடும்மா" என்றாராம் அந்த டாக்டர். ஆறு மாதம் போட்டாள். அவ்வளவுதான் சொன்னார்கள். ஆனால் ஈறின் நார்கள் புது இடத்துக்குப் பழகவே ஒரு வருடம்போல ஆகும். அதற்குப் பிறகும், வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கிக்கொண்டே வரும், கம்பி போடாதவர்களுக்கும்கூட. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் சக ஆய்வாளர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அக்காவைப் போலவே முன்கடைவாய்ப் பல் பிடுங்கிச் சிகிச்சை பெற்ற 65 பேரை, ரிடெய்னரை விட்டுப் பத்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கீழ்வரிசை திருப்தியாக இல்லை. இப்போது பல நிபுணர்கள் ராத்திரி ரிடெய்னரை எத்தனை வருடம் முடியுமோ அத்தனை வருடம் போடச் சொல்கிறார்கள். அடகு வைத்து வரிசைப்படுத்திய அக்காவின் கீழ்ப்பற்கள், அவளுக்கு முப்பது ஆவதற்குள் பழையபடி ஏறிக்கொண்டன.

"என்னைப் பாக்க வந்தவங்க பாத்த பல் இது இல்லடா" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அதனால் மகளுக்குக் கிளிப் என்றதும் அக்கா ஒரேயடியாக மறுத்தாள். "அவ பல்லு அவளுக்கு. பெரியவளாகி வேணும்னா போட்டுக்கட்டும்." நியாயமான பேச்சு. நானும் அவள் பக்கம்தான் நின்றிருப்பேன், அந்தக் குழந்தை சைக்கிளில் இருந்து விழுந்து மேல் முன்பல்லில் ஒரு மூலையை உடைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால். மேல் முன்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி எட்டு மில்லிமீட்டர் வெளியே நின்றது. அவ்வளவு துருத்தியிருக்கும் பல் விழும்போது உடைவதற்கு வாய்ப்பு அதிகம். சீக்கிரமே உள்ளே கொண்டுவந்தால் அந்த ஆபத்து குறைகிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது.

அவளுக்குக் கொடுத்தது ட்வின் பிளாக். மேலே ஒன்று, கீழே ஒன்று, சாய்வான கட்டை வைத்த இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். வாயை மூடினால் கீழ்த்தாடை தானாக முன்னால் வழுக்கி வரும். ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் 1977இல் உண்டாக்கியது. முதல் நோயாளி ஒரு பல் மருத்துவ நண்பரின் சின்ன மகன். விழுந்து மேல் முன்பல் கழன்றே வந்துவிட்டது. திரும்ப நட்டுவைத்தாலும், கீழுதடு அந்தப் பல்லுக்குப் பின்னால் சிக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. எங்கள் குழந்தைக்கும் அதே உதடு, அதே சிக்கல்.

இந்தக் கருவி பிள்ளையின் வளர்ச்சியைக் கடன் வாங்குகிறது. பெண்களுக்குப் பத்து, பதினொன்றையொட்டி வரும் வளர்ச்சி வேகம் ஆண்களுக்குச் சற்றுத் தாமதமாக வரும். அது முடிந்தபின் இதே தகட்டை எனக்கு மாட்டினால் தாடை ஏமாறாது. (கடைசியில் தாடை எத்தனை மில்லிமீட்டர் கூடுதலாக வளர்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது.) மேல் அண்ணம் குறுகியிருந்தாலும் இப்படித்தான். நடுவில் இருக்கும் எலும்புத் தையல் இறுகுவதற்கு முன், சாவி போட்டுத் திருகித் தினம் கொஞ்சம் விரிக்கலாம். ஏழு வயதில் ஒருமுறை நிபுணரிடம் காட்டச் சொல்வது இதற்காகத்தான். காட்டுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் உடனே கம்பி என்று அர்த்தமில்லை. பெரும்பாலோரை "வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பாமல் எல்லோருக்கும் கம்பி எழுதும் இடத்தில் இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. பல் சீரமைப்பு தனி எம்.டி.எஸ். படிப்பு, பி.டி.எஸ். முடித்து மூன்று வருடம். பலகையில் அது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அக்கா ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. இந்த வீட்டில் யாரும் அந்தப் பெண்ணிடம் "அழகாயிடுவே" என்று சொல்லக் கூடாது. அத்தைக்குத் தனியாக போன் போட்டுச் சொன்னாள். குழந்தைக்கு இந்த அரசியல் எதுவும் தெரியாது. முதல் வாரம் எச்சில் ஒழுகியது, 'ச' வரவில்லை, பள்ளியில் பெயர் கூப்பிடும்போது மட்டும் கையைத் தூக்கிச் சமாளித்தாள். எட்டாம் மாதம் அளந்தபோது எட்டு மில்லிமீட்டர் நான்காகியிருந்தது.

அன்றைக்கு நாற்காலியிலிருந்து மகள் இறங்கியதும் அக்கா டாக்டரிடம் கேட்டாள், "எனக்கு நாப்பத்தொண்ணு. இப்ப போட முடியுமா?" கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருடம். கீழ்ப்பல் இடுக்கில் பிரஷ் போகவில்லை, காலையில் துப்பினால் ரத்தம், அதான் என்றாள். டாக்டர் ஈறை ஊசி போன்ற அளவுகோலால் குத்திக் குத்திப் பார்த்தார். ஆறு இடத்தில் ஆழம். முதலில் ஈறுக்குச் சுத்தம், மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே, எலும்பு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு முறை சுத்தம் பண்ணியாயிற்று. எக்ஸ்ரே மார்கழி முடிந்து எடுக்க வேண்டும்.