பனிக்காலத்தில் திருப்பிரிதி வழியே அவுலிக்கு

விஜயதசமியன்று பத்ரிநாத் ஆலயத்தின் நடை சாத்தும் நாள் குறிக்கப்படுகிறது. பெரும்பாலும் நவம்பர் மாதத்திலேயே அந்நாள் வந்துவிடும். அதன் பின் உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்துக்கு எழுந்தருளுகின்றனர். ஆதிசங்கரரின் திருப்பீடம் ஜோஷிமடத்து நரசிம்மர் ஆலயத்தை வந்தடைகிறது. மேலே பனி மூடிய பதரியில் ஆறு திங்களும் நாரதர் பூசை செய்கிறார் என்பது அம்மலைவாழ் மக்களின் நம்பிக்கை. கீழே மனிதர் செய்யும் பூசைகளும் தடையின்றி நடைபெறுகின்றன. பனிக்காலத்தில் பத்ரிநாராயணனைச் சேவிக்க வழியில்லை என்று எண்ணி, சித்திரை வைகாசி வரை காத்திருப்போர் நம்மவரில் பலர். ஜோஷிமடத்திலும் பாண்டுகேசுவரத்திலும் கூட்ட நெரிசலின்றிச் சேவிக்கத் தை மாதமே உகந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

அதே தை மாதத்தில் அதே சாலையில் வேறொரு கூட்டமும் ஏறிச் செல்கிறது. ஜோஷிமடத்துக்கு மேலே சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவுலி, நாட்டின் பெயர்பெற்ற பனிச்சறுக்குத் தலங்களில் ஒன்று. 2011ஆம் ஆண்டு தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கு நடைபெற்றன. இந்தோ திபெத்திய எல்லைக் காவல் படையினரின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிலையமும் அங்கேயே உள்ளது. எதிரே நந்தாதேவிச் சிகரம் 7,816 மீட்டர் உயரத்தில் நிற்கும் காட்சியைக் கண்டோர் எளிதில் மறப்பதில்லை.

தில்லியிலோ குருகிராமிலோ பணிபுரியும் மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கு நரசிம்மரைச் சேவிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்குப் பனியில் சறுக்கி விளையாட வேண்டும். இரு விருப்பங்களையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு குடும்பம் புறப்படுகிறது. இதில் பிழையேதும் இல்லை. ஆனால் சமவெளியில் ஓடிப் பழகிய கார் பனிமலைக்கு ஆயத்தமாக இருக்கிறதா என்று கேட்போர் அரிது. ஸ்வெட்டர் வாங்கக் காட்டும் அக்கறையில் பாதியளவு காருக்குக் காட்டினாலும் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர். வெயில் நாளில் கூலண்ட் குறைந்தபோது மெக்கானிக் வெறும் தண்ணீரை ஊற்றி அனுப்பியிருப்பார். உரிமையாளருக்கு அது நினைவில்கூட இராது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமன் பெருகும். அந்த விரிவைத் தாங்க மாட்டாமல் ரேடியேட்டர் பிளக்கும். சில வேளைகளில் எஞ்சினின் இரும்பே விரிசல் காணும். அவுலியில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்குவது வழக்கம். உறைவதைத் தடுக்கும் கூலண்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்திருந்தால், பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியைத் தாண்டியும் அது உறையாது. பழைய நீரை முழுவதும் வடித்துவிட்டுப் புதிய கலவையை நிரப்புவதே முறை. மேலே சிறிது ஊற்றிச் சமாளிப்பது வேண்டாத சிக்கனம்.

அடுத்தது பேட்டரி. உறைநிலைக் குளிரில் பேட்டரியின் வலிமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே வேளையில் எஞ்சின் எண்ணெயும் தடித்துப்போவதால், எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் வலிமை தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு பெருகிய குடும்பத்தின் நிலைதான் அதற்கும். மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்த பேட்டரி தில்லியில் காலையில் சற்றுத் திணறினால், மலையில் அது எழுந்திருக்காது. புறப்படுமுன் சோதித்து, தேவையெனில் மாற்றிவிடுவது நலம். எண்ணெய்க் குப்பியின் மேல் ஐந்து டபிள்யூ முப்பது, இருபது டபிள்யூ ஐம்பது என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன் உள்ள எண் எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்குக் குளிரில் எண்ணெய் இளகி ஓடும். காருடன் வந்த கையேட்டில் அனுமதித்துள்ள வகைகளுள் குளிருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டயர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உயிர் நிற்பது அவற்றின் மேல்தான். நம் நாட்டுக் கார்களில் வரும் டயர்களின் ரப்பர் பெரும்பாலும் வெயிலுக்கு ஏற்றது. ஏறத்தாழ ஏழு டிகிரிக்குக் கீழே அது இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். பள்ளங்கள் தேய்ந்த டயர் பனியில் பலகையைப் போல வழுக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் போதும் என்பது மழைச்சாலைக்குக்கூட உகந்த அளவன்று. பனிக்கு அதைப்போல் இரு மடங்கேனும் இருத்தல் வேண்டும். காற்றழுத்தம் குளிரில் குறையும். உயரமான இடத்தில் அளவுக்கருவியோ சற்றுக் கூட்டிக் காட்டும். ஆகவே தில்லிக் கணக்கை நம்பாமல், ஜோஷிமடத்தில் காலையில் கார் ஓடுமுன் அளந்து பார்த்துச் சரிசெய்வதே பொருந்தும்.

பனிச்சங்கிலி என்பது டயரைச் சுற்றிப் பூட்டும் இரும்புச் சங்கிலி வலை. எந்தச் சக்கரங்களை எஞ்சின் சுழற்றுகிறதோ அவற்றில்தான் அதைப் பூட்ட வேண்டும். சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரங்கள்; பழைய வகை ஜீப் வண்டிகள் சிலவற்றில் பின்சக்கரங்கள். இதை மாற்றிப் பூட்டிக்கொண்டு ஏறாமல் தவிப்போரும் உண்டு. டயரின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் சங்கிலியை வாங்கி, வீட்டு வாசலில் ஒருமுறை பூட்டிக் கழற்றிப் பழக வேண்டும். கொட்டும் பனியில் விரல் மரத்துப்போன நிலையில் முதன்முதலாக உறையைப் பிரித்து விளக்கத் தாளைப் படிப்பது பரிதாபத்துக்குரிய காட்சி. பூட்டியபின் சிறிது தூரம் ஓட்டி, நிறுத்தி, மீண்டும் இறுக்க வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. பனியற்ற தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் சங்கிலியும் அறும், டயரும் கிழியும்.

காரில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. ஒரு சிறு மண்வெட்டி, வழுக்கும் சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு சாக்குகள், இழுவைக் கயிறு, டார்ச் விளக்கு, கம்பளிகள், உலர்ந்த தின்பண்டம், பிளாஸ்கில் வெந்நீர். மண்சரிவாலோ பனியாலோ பாதை அடைபட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே எரிபொருள் டாங்கு பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. முதியோரின் மருந்துகள் பின்பெட்டியில் அல்லாமல் கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்வோர் இதைக் குறிப்பாக மனத்தில் கொள்க: உறைந்துபோன இன்சுலின் பின்னர் உருகினாலும் பயன்படாது. அதை இரவில் காரில் விட்டுவைக்கலாகாது. உடலோடு அணைத்த உள்பையில் வைத்திருப்பதே பத்திரம். இதயநோய் உடையோர் பத்தாயிரம் அடி உயரத்துக்குச் செல்லுமுன் தம் மருத்துவரின் ஒப்புதலைப் பெறாமல் புறப்படலாகாது.

ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமடம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் ஐந்து மணி நேரம்போலத் தோன்றும். மலையில் அது ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும். விடியலில் புறப்பட்டால் தேவப்பிரயாகையில் இறங்கிப் பாகீரதியும் அலகநந்தாவும் கூடும் இடத்தைத் தரிசிக்கலாம். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுவே. குளிர்காலத்தில் நீர் தெளிந்து ஓடும். படித்துறையில் பாசி வழுக்கும், சங்கிலியைப் பிடித்தே இறங்க வேண்டும். பின் உருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று அலகநந்தாவின் கரையோடே வழி செல்கிறது. இருட்டிய பின் இச்சாலையில் ஓட்டுவது அறிவீனம். இரவாகிவிடும்போல் இருந்தால் வழியில் பீப்பல்கோட்டியில் தங்கிவிடலாம்.

ஜோஷிமடம் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஜோதிர்மடம் என்றே வழங்குகிறது. ஆதிசங்கரர் வடதிசையில் நிறுவிய மடம் இங்கேதான் உள்ளது. அவர் தவமிருந்ததாகச் சொல்லப்படும் குகையும், அருகே கல்பவிருட்சம் என்று போற்றப்படும் முதிய முசுக்கட்டை மரமும் உண்டு. ஆடல்மா என்னும் புரவியேறித் திருப்பதிகள்தோறும் சென்ற திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருப்பிரிதி இதுவே என்று பலரும் கொள்வர். நரசிம்மரின் சாளக்கிராமத் திருமேனியில் ஒரு திருக்கரம் நாளுக்கு நாள் மெலிந்து வருவதாகவும், அது விலகும் நாளில் நரநாராயண மலைகள் ஒன்று சேர்ந்து பதரிக்குச் செல்லும் வழி மூடிவிடும் என்றும், பின்னர் பவிஷ்ய பதரியிலேயே எம்பெருமான் சேவை சாதிப்பார் என்றும் சொல்லி வருகின்றனர்.

2023 ஜனவரியில் அவ்வூரார் அக்கதையை அச்சத்தோடு நினைத்துக்கொண்டனர். நிலம் அமிழ்ந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. பன்னிரண்டே நாள்களில் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஊரே பழைய மண்சரிவின் மேல் அமைந்தது என்றும், பெருங்கட்டடங்கள் ஆகாவென்றும் 1976ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. கேட்டவர் யார்? அவுலிக்குச் செல்லும் நான்கு கிலோமீட்டர் ரோப் காரும் அந்த ஜனவரியில்தான் நிறுத்தப்பட்டது. அது ஓடியவரை முதியோர் காரைக் கீழே விட்டுவிட்டுத் தொங்கியபடியே மேலே சென்று வந்தனர். அது நின்றபின் எல்லாரும் சாலையை நம்பவேண்டியதாயிற்று.

அந்தப் பதினான்கு கிலோமீட்டரே மெய்யான சோதனை. தேவதாரு மரங்களின் நிழல் விழும் வளைவுகளில் வெயில் படுவதில்லை. அங்கே தார்ச்சாலையின் மேல் கண்ணாடிபோல் உறைபனி படிந்திருக்கும். பார்வைக்கு ஈரம்போலவே தோன்றும். சூரியன் சாலையைத் தொட்டபின் ஏறி, மூன்று மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்குவது ஊராரின் வழக்கம். இறங்கும்போது பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், கார் நில்லாது. முதல் அல்லது இரண்டாம் கியரில் எஞ்சினே தடுக்கும்படி மெல்ல விடவேண்டும். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை நெறி.

இரவில் அவுலியில் தங்கினால், ஹேண்ட்பிரேக்கை இழுத்துவைத்தல் கூடாது. அது உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். காலையில் அந்தக் கல்லை ஓரத்தில் எடுத்துப் போடாமல் நடுச்சாலையில் விட்டுச்செல்வோருக்கு நரசிம்மரைச் சேவித்த புண்ணியம் எந்தக் கணக்கில் எழுதப்படுமோ! வைப்பர்களைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவைக்க வேண்டும். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் அது வெடித்துவிடும். பனியில் சிக்கிக்கொண்டு குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே அமர்ந்திருப்போர், புகைக்குழாயைப் பனி அடைக்காமல் முதலில் தோண்டிவிட்டு, ஜன்னலைச் சிறிது திறந்துவைக்க வேண்டும். நச்சுப்புகைக்கு மணமில்லை, உறக்கம் வருவதுபோலவே இருக்கும்.

இவ்வளவும் செய்த பின்னரும், புதுப்பனி கொட்டிய காலையில் சொந்தக் காரை ஜோஷிமடத்திலேயே நிறுத்திவிட்டு, சங்கிலி பூட்டிய உள்ளூர் வண்டியில் செல்வதே அறிவுடைமை. அவ்வோட்டுநருக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மகன் முணுமுணுக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை வீட்டுப் பெரியவருக்கு உண்டு. அதை அவர் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

பிள்ளைகள் சறுக்கி விளையாடும் நேரத்தில் பெரியவர்கள் அவுலியில் உள்ள அனுமன் சந்நிதியில் அமர்ந்திருக்கலாம். சஞ்சீவி தேடி வந்த மாருதி அம்மேட்டில் தங்கினார் என்பர். அங்கிருந்து துரோணகிரிச் சிகரம் தெரியும். அச்சிகரத்தின் அடிவாரத்துச் சிற்றூரார், தங்கள் மலையைப் பெயர்த்துச் சென்றவர் என்று அனுமனை வணங்குவதே இல்லை!

மறுநாள் காலை ஜோஷிமடத்திலிருந்து பாண்டுகேசுவரம் இருபது கிலோமீட்டருக்குள்தான். விஷ்ணுப்பிரயாகைக்கு இறங்கும் வளைவுகளை மட்டும் மெல்லக் கடக்க வேண்டும். யோகத்யான பதரியில் குளிர்காலப் பூசை அமைதியாக நடைபெறுகிறது. பல நாள்களில் சேவிப்போர் விரல்விட்டு எண்ணும் அளவே. அதற்கு மேலே ராணுவத்தினரும் அனுமதி பெற்ற சிலரும் அன்றிப் பிறர் செல்வதற்கில்லை. பதரி இருக்கும் திசை நோக்கித் தொழுதுவிட்டு, காரை அங்கேயே திருப்ப வேண்டியதுதான்.