புள்ளி எண்ணி விலை சொல்கிறவர்கள்

நீலகிரிக்குப் பழைய காசுகள் பல வழிகளில் ஏறி வந்திருக்கின்றன. சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக ஊட்டி இருந்தபோது கம்பெனி ரூபாயும் விக்டோரியா ராணி ரூபாயும் துரைமாரோடு வந்தன. மேற்கே வயநாட்டுச் சரிவு வழியாக மலபார்க் காசுகள் வந்தன. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழரில் பலர் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளில் சிலோன் சதங்களும் இருந்தன. வீட்டில் பணமுடை வரும்போது இந்தக் காசுகள் பழைய வெள்ளி வாங்கும் கடைகளுக்குப் போகின்றன. ஊட்டி மெயின் பஜார் பக்கம் அப்படியொரு கடையில் உட்கார்ந்து, காசுக்கு விலை கட்டுவது எப்படி என்று பார்க்கப் போயிருந்தேன்.

கடைக்காரரின் அப்பா வெள்ளி வியாபாரி. இவர் சிறு வயதிலேயே காசின் பக்கம் சாய்ந்துவிட்டார். மேசையில் அதிகம் ஒன்றுமில்லை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்னத் தராசு, விட்டம் அளக்கும் வெர்னியர், ஒரு காந்தம்.

கோத்தகிரிப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்.

“அண்ணே, இது பத்து லட்சம் போகுமாமே? பையன் போன்ல பார்த்தான்.”

“அக்கா, இதைக் கொடுத்து அஞ்சு ரூபாய்க்கு என்ன வருதோ வாங்கிக்குங்க. யாருக்காவது முன்பணம் கட்டிட்டீங்களா?”

கட்டவில்லை என்றார். கடைக்காரர் மூச்சு விட்டார். ‘பதிவுக் கட்டணம்’, ‘வரி’ என்று கேட்டு ஆயிரக்கணக்கில் பறிக்கும் கும்பல்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையுமே பயன்படுத்துகின்றன. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலை எதிலும் தான் ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதுமில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிக்கை விட்டது. “என் வேலையில பாதி, இல்லைன்னு சொல்றதுதான்” என்றார் கடைக்காரர்.

இருக்கிறது என்று சொல்வதற்கு அவர் ஒரு வரிசை வைத்திருக்கிறார். முதலில் உலோகம். ராணி காலத்து ரூபாய் 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். தேயாத காசானால் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940இல் போர்க்கால நெருக்கடியில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தார்கள். அந்த ரூபாயில் வெள்ளி 5.83 கிராம்தான். 1947 ரூபாய் முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றைய வெள்ளி விலையில் கணக்குப் போட்டால் அடிவிலை வந்துவிடும். அதற்குக் கீழே எவரும் விற்க வேண்டியதில்லை.

அடிவிலைக்கு மேலே கிடைப்பது முழுக்க அந்தக் காசு எந்த வகை, எந்த நிலை, யாருக்குத் தேவை என்பதைப் பொறுத்தது. இதில் ‘வகை’யைப் புரிந்துகொள்ள என்னைக் குன்னூருக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஓய்வுபெற்ற டீ மேக்கர் ஒருவர் 1862 என்று ஆண்டு பொறித்த ரூபாய்களை மட்டுமே சேர்க்கிறார். வேறு எந்தக் காசையும் தொடுவதில்லை.

மரத் தட்டில் வரிசையாக அடுக்கியிருந்தார். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. “லென்ஸை வச்சுப் பாருங்க சார், ஆண்டுக்குக் கீழே” என்றார். ஒன்றில் ஊசிமுனை அளவில் புள்ளி. அடுத்ததில் இன்னும் சில. இன்னொன்றில் ஆண்டுக்கு மேலேயும் புள்ளி. 1862க்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக, எந்த வருடம் அடித்தாலும் ரூபாயில் 1862 என்றே பொறித்தார்கள். பம்பாய் நாணயச்சாலை மட்டும் அச்சில் புள்ளிகளைக் கூட்டி வேறுபடுத்தியது. புள்ளிகளின் எண்ணிக்கை, இடம், ராணியின் மார்பளவு உருவத்தில் உடை வேலைப்பாடு, பின்புறப் பூவேலை என்று பிரித்துக்கொண்டே போகலாம். பிரிட்மோர் தொகுத்த பட்டியல்தான் இவருக்கு வழிகாட்டி. இதற்கு முந்தைய 1840 ரூபாயைச் சேர்ப்பவர்கள் பின்புற மாலையில் உள்ள காய்களை எண்ணுவார்களாம்.

புள்ளி கூடினால் விலை கூடுமா என்று கேட்டேன். அவர் தன் பழைய தொழிலிலிருந்தே பதில் சொன்னார். குன்னூரில் தேயிலை ஏலம் வாரந்தோறும் நடக்கிறது. தரகு நிறுவனத்தின் டேஸ்டர் கிண்ணத்தில் ஊற்றிய சாயத்தை உறிஞ்சிப் பார்த்து விலை குறிக்கிறார். சில நாளில் ஏலம் அவர் சரியா தவறா என்று சொல்லிவிடும். “காசுக்கு அந்த வசதி இல்லை சார். ஒரு அபூர்வ வகை பல வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஏலத்துக்கு வரும். அன்னிக்கு அதைத் தேடுற ரெண்டு பேர் அறையில இருந்தா விலை ஏறும். ஒருத்தர்தான் இருந்தா விலை படுத்துடும்.” மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களை அவர் அடுக்கி வைத்திருப்பது இதற்காகத்தான். விற்பவர் கேட்ட விலையைக் கணக்கில் எடுப்பதில்லை. விற்று முடிந்த விலையைத்தான் எடுக்கிறார், அதுவும் அதே நிலையிலிருந்த காசுக்கு.

அரிதாக இருப்பதும் விலை போவதும் ஒன்றல்ல என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் 1911ஆம் ஆண்டு ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பியது. அடித்த சுமார் 94 லட்சத்தில் ஏழு லட்சம்தான் வெளியே போனது, மீதியை உருக்கிவிட்டார்கள். ஏழு லட்சம் என்பது சேர்ப்பவர்களின் உலகில் பெரிய எண். இன்றும் தேடினால் கிடைக்கும். கதைக்காகவே பலர் கேட்பதால் விலை நிற்கிறது. அவருடைய தட்டிலிருந்த ஒரு புள்ளி வகை அதைவிட அரிது, ஆனால் கேட்க ஆளில்லை. 1939 ரூபாய்க்கு இரண்டும் சேர்ந்து அமைந்தன: மிஞ்சியதும் குறைவு, வரிசையை முடிக்க எல்லோருக்கும் தேவை. அதனால்தான் 1938இன் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 9 ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். லென்ஸ் முதலில் போகும் இடம் அந்த இலக்கம்.

மறுபடி ஊட்டிக் கடை. ஒரு இளைஞர் பாட்டியின் கழுத்தணியிலிருந்து கழற்றிய ரூபாய்களைக் கொண்டுவந்தார். எல்லாம் பளபளவென்று மின்னின; புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். வளையம் பற்றவைத்த தழும்பு ஒவ்வொன்றின் தலையிலும். கடைக்காரர் எடை போட்டு வெள்ளி விலை சொன்னார். இளைஞர் முகம் வாடியது. நூறு வருடம் காற்றுப்பட்டுப் படிந்த கருமையைத்தான் சேர்ப்பவர்கள் விரும்புகிறார்கள். தேய்த்தால் அதோடு மேல்தோலும் போய்விடும், திரும்ப வராது.

அதே பையில் ராமர் பட்டாபிஷேகம் பொறித்த, 1818 என்று ஆண்டு போட்ட ‘கம்பெனி ஒரு அணா’வும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும், செல்வம் சேர்க்கும் என்று சொல்லி விற்பதற்காகப் பிற்காலத்தில் வார்த்தது.

இந்த மலைக்கே உரிய காசு என்றால் வீரராயன் பணத்தைச் சொல்லலாம். அரை கிராமுக்கும் குறைந்த மலபார்ப் பொன் காசு. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும். மரணத் தறுவாயில் இருப்பவருக்கு இதை நெய்யில் தோய்த்து விழுங்கக் கொடுப்பது படகர் வழக்கம் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து நாணய நூல்களும் எழுதியவர் அவர். சந்தையில் இந்தப் பணம் அபூர்வமில்லை, போலியும் உண்டு. யாராவது கொண்டுவந்தால் கடைக்காரர் முதலில் கேட்பது, “வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியுமா?” தெரியாது என்றால் வாங்குவதில்லை.

சிலோன் காசுகள் பெரும்பாலும் சில்லறைதான். 1957இல் புத்த ஜெயந்திக்கு வந்த ஐந்து ரூபாய் வெள்ளிக் காசு வந்தால் மட்டும் தராசை எடுக்கிறார்.

வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்களுக்கு இவர்கள் இருவரும் சொன்னதைத் தொகுத்துத் தருகிறேன். தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். எடை போட்டு வெள்ளி விலையைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஒருவர் சொன்ன விலையோடு நிற்காமல் இன்னொருவரிடமும் காட்டுங்கள். மண்ணில் கிடைத்த காசானால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது. உங்கள் காசை வாங்குகிறவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். முதலில் நீங்கள் கட்டுங்கள் என்று சொல்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.