யார் சொன்னாலும் கேட்பவனிடம் சாவிக்கொத்து

அன்புள்ள குமரா,

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. பிசியோதெரபிக்குப் போகச் சொன்னால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நீ சொன்னால் ஒருவேளை கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அத்தனை உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே பேச மனம் வரவில்லை. ஏஐ அசிஸ்டன்டை ஜிமெயிலோடு இணைத்தாயிற்று, கிட்ஹப்போடு இணைத்தாயிற்று, டேட்டாபேஸோடும் இணைத்தாயிற்று, இனிமேல் காலை காபி முடிவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும் என்றாய். முடியும்தான். நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறவள். தூக்கிப் போடு என்று சொல்ல வரவில்லை. போனில் சொன்னால் “சரிக்கா, சரிக்கா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு இணைப்புக்கும் நீ “அனுமதி” பட்டனை அழுத்தினாய் அல்லவா? அப்போது உன் பெயரில் ஒரு டோக்கன் உருவானது. அதை வைத்திருப்பவரிடம் பாஸ்வேர்ட் கேட்க மாட்டார்கள், ஓடிபியும் வராது. வந்திருப்பது நீதான் என்று அந்தச் சேவை நம்பிவிடும். பல இடங்களில் நீ பாஸ்வேர்டை மாற்றினாலும் பழைய டோக்கன் உயிரோடுதான் இருக்கும். காலாவதியானாலோ, தனியாகப் போய் ரத்து செய்தாலோதான் சாகும். பாஸ்வேர்டைத் திருட மெனக்கெட்டவர்கள் இன்று டோக்கனைத் தேடுவதற்கு இதுதான் காரணம்.

2025 ஆகஸ்டில் நடந்ததைப் பார். சேல்ஸ்லாஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் ட்ரிஃப்ட் என்றொரு சாட் ஏஜென்ட் இருந்தது. வெப்சைட்டுக்கு வருகிறவர்களிடம் பேசி, அவர்களுடைய விவரங்களை, நிறுவனங்கள் வாடிக்கையாளர் தகவல்களை வைத்துக்கொள்ளும் சேல்ஸ்ஃபோர்ஸில் சேர்ப்பது அதன் வேலை. திருடர்கள் சேல்ஸ்ஃபோர்ஸை உடைக்கவில்லை. ட்ரிஃப்டிடம் இருந்த ஓஆத் டோக்கன்களை எடுத்துக்கொண்டு, ஆகஸ்ட் 8 முதல் சில நாட்கள், 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்குகளுக்குள் முன்வாசல் வழியாகவே போய் வந்தார்கள். அந்தப் பட்டியலில் கிளவுட்ஃபிளேர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ், ஸீஸ்கேலர் எல்லாம் உண்டு. மூன்றும் பாதுகாப்பையே விற்கிற நிறுவனங்கள். உள்ளே போனவர்கள் தேடியது, அள்ளிய தகவல்களுக்குள் கிடக்கும் பாஸ்வேர்டுகளையும் அமேசான் கிளவுட் சாவிகளையும். வாடிக்கையாளர்கள் உதவி கேட்கும்போது அவற்றை டிக்கெட்டிலேயே ஒட்டி அனுப்புவது வழக்கமாயிற்றே. கிளவுட்ஃபிளேர் உட்கார்ந்து தேடியபோது அப்படிப் போன குவியலில் அவர்களுடைய 104 டோக்கன்கள் இருந்தன. எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

அது டோக்கன் வைத்திருந்த இடத்தில் நடந்த திருட்டு. உன் விஷயத்தில் எனக்கு அதைவிடப் பெரிய கவலை, டோக்கனைக் கையில் வைத்திருக்கும் அசிஸ்டன்டின் குணம். அதற்கு நீ சொல்வதும் எழுத்துதான். அது படிக்கும் மெயில், வெப்சைட், பிடிஎஃப் எல்லாமும் எழுத்துதான். எது முதலாளி சொன்னது, எது வெளியாள் எழுதியது என்று உறுதியாகப் பிரித்தறிய அதற்குத் தெரியாது. மேஜைமேல் கிடக்கும் எந்தத் துண்டுச்சீட்டையும் முதலாளி வைத்தது என்றே நம்பி வேலையைத் தொடங்கிவிடும் புதுக் குமாஸ்தாவிடம் கல்லாச் சாவியைக் கொடுத்தது மாதிரி. சைமன் வில்லிசன் என்ற டெவலப்பர் இதற்கு ‘பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்’ என்று பெயர் வைத்தது 2022 செப்டம்பரில். முழுத் தீர்வு இன்னும் வரவில்லை.

நீ சொன்ன கிட்ஹப் இணைப்பையே எடுத்துக்கொள். 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் ஒரு சோதனை செய்து காட்டியது. எல்லோரும் பார்க்கக்கூடிய ரெப்போவில் யாரோ ஒருவர் ஒரு இஷ்யூ எழுதுகிறார்; அதற்குள் அசிஸ்டன்டுக்கான கட்டளை இருக்கிறது. உரிமையாளர் எதுவும் அறியாமல் “இஷ்யூக்களைப் பார்த்துச் சரிசெய்” என்கிறார். அசிஸ்டன்ட் போய், அவருடைய பிரைவேட் ரெப்போக்களைப் படித்து, அதில் இருந்ததை ஊரறிய ஒரு புல் ரிக்வெஸ்டில் போட்டுவிடுகிறது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. அந்த ஒரு டோக்கனுக்கு இரண்டு பக்கமும் போக அனுமதி இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய மாதம் அதே இன்வேரியன்ட் லேப்ஸ் காட்டியது இன்னும் நுட்பமானது. அசிஸ்டன்டை வெளிச் சேவைகளோடு இணைக்கும் எம்சிபி டூல் ஒவ்வொன்றுக்கும் “நான் இன்ன வேலை செய்வேன்” என்றொரு விளக்கம் உண்டு. நாம் அதைப் படிப்பதில்லை, மாடல் படிக்கிறது. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு டூலின் விளக்கத்துக்குள், எஸ்எஸ்ஹெச் சாவியையும் எம்சிபி செட்டிங்ஸ் ஃபைலையும் படித்துச் சேர்த்து அனுப்பு என்று ஒளித்து எழுதினார்கள். மாடல் கீழ்ப்படிந்தது. அந்த செட்டிங்ஸ் ஃபைலில் என்ன இருக்கும்? உன் லேப்டாப்பில் திறந்து பார். நீ ஒட்டிய டோக்கன்கள் எல்லாம் பச்சையாக, வரிசையாக இருக்கும்.

இவை சோதனைகள். நிஜமும் உண்டு. மெயில் அனுப்ப உதவும் போஸ்ட்மார்க்-எம்சிபி என்ற என்பிஎம் பேக்கேஜ் 15 வெர்ஷன்கள் வரை ஒழுங்காக இருந்தது. 2025 செப்டம்பரில் வெளியே தெரிந்தது: 1.0.16-இல் ஒரே ஒரு வரி சேர்ந்திருந்தது. அது வழியாகப் போகும் ஒவ்வொரு மெயிலின் நகலும் பிசிசியில் வேறொருவருக்குப் போனது. போஸ்ட்மார்க் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாஸ்வேர்ட் ரீசெட் லிங்குகளும் மெயிலில்தானே போகின்றன?

அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்டில், டெவலப்பர்கள் பயன்படுத்தும் என்எக்ஸ் என்ற என்பிஎம் பேக்கேஜ்களில் நஞ்சு கலந்தவர்கள் ஒரு படி மேலே போனார்கள். டெவலப்பரின் கணினியில் ஏற்கெனவே இருந்த கிளாட், ஜெமினி, அமேசான் க்யூ டூல்களையே கூப்பிட்டு, அனுமதி கேட்காமல் ஓடும்படி வைத்து, ரகசிய ஃபைல்களைத் தேடித் தரச் சொன்னார்கள். கிடைத்ததைப் பாதிக்கப்பட்டவரின் கிட்ஹப் கணக்கிலேயே பப்ளிக் ரெப்போவாக ஏற்றினார்கள்.

இனி, நீ செய்ய வேண்டியது. மூன்று விஷயங்கள் ஒரே அசிஸ்டன்டிடம் சேரக்கூடாது: ரகசியத் தகவல், வெளியாள் எழுதியதைப் படிக்கும் வேலை, வெளியே அனுப்பும் வழி. ஒன்றைக் கழற்றிவிட்டாலும் திருட்டு வெகுவாகக் கஷ்டமாகிவிடும். நீயோ மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறாய். வாடிக்கையாளர் மெயிலைப் படிக்கும் அசிஸ்டன்டுக்கு டேட்டாபேஸ் வேண்டாம். அதை முதலில் பிரி. டேட்டாபேஸுக்கு ரீட்-ஒன்லி கணக்கு போதும், அதிலும் தேவையான டேபிள்கள் மட்டும். கிட்ஹப்புக்கு ஒரே ரெப்போவைத் தொடும் டோக்கன், ஒரு மாதத்தில் தானே காலாவதியாகும்படி. எம்சிபி பேக்கேஜ்களின் வெர்ஷனைப் பூட்டி வை. தானாக அப்டேட் ஆக விடாதே. கூகுள் கணக்கில் எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியலைத் திற. மறந்துபோனவை நிறைய இருக்கும், நீக்கு. “எப்போதும் அனுமதி” என்பதை மெயில் அனுப்பும் வேலைக்கும் டெலீட் செய்யும் வேலைக்கும் கொடுக்கவே கொடுக்காதே. என்றாவது சந்தேகம் வந்தால் முதல் வேலை டோக்கனை ரத்து செய்வது. ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பிறகு.

இவ்வளவு வேலை எதற்கு, நான் சின்னக் கம்பெனிதானே என்பாய். உன் சாஃப்ட்வேரை வாங்கிய டியூஷன் சென்டர்களின் பிள்ளைகள் பெயர், படிக்கும் வகுப்பு, பெற்றோரின் போன் நம்பர், ஃபீஸ் பாக்கி எல்லாம் அந்த டேட்டாபேஸில் இருக்கிறது. அனுமதி பட்டனை அழுத்தியது நீ. அவர்களை யாரும் கேட்கவில்லை, இப்படியொரு பட்டன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குப் பதிலாக யோசிக்க வேண்டியவன் நீ ஒருவன்தான்.

டேட்டாபேஸ் இணைப்பை மட்டும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பிரித்துவிடு. மற்றவற்றுக்கு, பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டு வா. சேர்ந்து உட்கார்ந்து முடித்துவிடலாம். சித்ராவையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா