7 கிலோ எங்கே போகும்?

நிமிர்த்திப் பிடித்த போனைப் படுக்கையாகத் திருப்பினால், ஆண்ட்ராய்டில் அந்தத் திரை செத்துத் திரும்பப் பிறக்கிறது. சும்மா சொல்லவில்லை. திரையை நடத்திக்கொண்டிருந்த 'ஆக்டிவிட்டி' அழிந்து, அதே இடத்தில் புதிதாக இன்னொன்று உருவாகிறது. வேறு மாதிரிச் சொல்லி வைக்காவிட்டால் இதுதான் வழக்கம். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதுவரை கூட்டி வைத்த கணக்கு காணாமல் போனால்தான் தெரியும்.

மாத்தளையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்யும் செயலிக்கு இந்தக் கணக்குதான் உயிர். கொழுந்து எடுக்கிற அம்மாமார் அன்றன்று நிறுத்த கிலோவைத் தாங்களே குறித்து வைக்க ஒரு சின்ன அப். குறித்த கிலோ வராவிட்டால் முழுப் பேர் இல்லை, அரைப் பேர்தான். அந்தக் கிலோவும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழிப்பதும் உண்டு. சம்பளத் துண்டு கைக்கு வரும்போது, 3ஆம் தேதி காலையில் என்ன நிறுத்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? செக்ரோல் அவர்கள் கையில் இல்லை. போன் இருக்கிறது.

என்ன போன்? 2 ஜிபி ராம், விரிசல் விழுந்த திரை. பாடப்புத்தகத்தில் ஆன்கிரியேட், ஆன்ஸ்டார்ட், ஆன்ரெஸ்யூம், ஆன்பாஸ், ஆன்ஸ்டாப், ஆன்டெஸ்ட்ராய் என்று ஆறு பெட்டி போட்டு அழகாக அம்புக்குறி வரைந்திருப்பார்கள். மடுவத்தில் நடப்பது வேறு. 7 கிலோ என்று தட்டும்போதே கொழும்பிலிருந்து மகள் கூப்பிடுகிறாள். பேச எடுத்ததும் நம் திரை ஆன்பாஸ், பிறகு ஆன்ஸ்டாப். நினைவகம் பத்தாவிட்டால் சிஸ்டம் செயலியையே பின்னால் முடித்துவிடும். ஆன்டெஸ்ட்ராய் வரும் என்று காத்திருக்க முடியாது. வராமலே போகலாம். கடைசி மூச்சில் எழுதிக்கொள்ளலாம் என்று சேமிக்கிற வேலையை அங்கே வைத்தால், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம். கூகுள் 2017இல் கொண்டுவந்த வியூமாடல் போனைத் திருப்பினால் தப்பும். செயலியே முடிந்தால் அதுவும் போய்விடும். ஆன்சேவ் இன்ஸ்டன்ஸ் ஸ்டேட்டில் போடுகிற சின்ன மூட்டை அதையும் தாண்டி வரும். ஆனால் அக்கா கைதவறி அப்பை மேலே தள்ளி மூடினால் மூட்டையும் காலி. போனுக்குள் இருக்கிற தரவுத்தளம்தான் எல்லாவற்றுக்கும் தாக்குப்பிடிக்கும். கடைசியில் இப்படி முடிவானது: நிறுத்த கிலோ நேரே தரவுத்தளத்துக்கு, பாதி தட்டிய இலக்கம் மூட்டைக்கு, திரையில் தெரிவது மட்டும் வியூமாடலுக்கு.

தொலைவதை விட மோசம் இரட்டிப்பது. லைவ்டேட்டா என்று ஒன்று இருக்கிறது. புதிதாகப் பிறந்த திரை அதைக் கவனிக்கத் தொடங்கியதும், கடைசி மதிப்பைத் திரும்பவும் கையில் கொடுக்கும். 'இன்றைய கிலோ 7' என்பது ஒரு நிலை. நூறு தரம் சொன்னாலும் 7தான். '7ஐச் சேர்' என்பது நிகழ்வு. அதை நிலை மாதிரி வைத்துவிட்டு போனைத் திருப்பினால் 14. இரட்டித்த கணக்கோடு ஒரு அம்மா ஆபிசுக்குப் போய் நின்றால், அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த மாதம் சரியான கணக்கோடு போனாலும் நம்பமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு நிறுவைக்கும் எழுதுமுன்பே ஒரு தனி எண் கொடுக்கிறோம். அதே எண் திரும்ப வந்தால் புது வரி ஏறாது.

சோதிக்க நல்ல போன் உதவாது. டெவலப்பர் ஆப்ஷன்சில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் விட்டு வெளியே வந்த திரையெல்லாம் உடனே அழியும். நாங்கள் எப்போதும் அதைப் போட்டே வைத்திருக்கிறோம், எரிச்சலாகத்தான் இருக்கும். முழுச்செயலியும் முடிந்துபோவதைப் பார்க்க அது பத்தாது, அதைக் கணினியிலிருந்து கட்டளை கொடுத்துத் தனியாகச் செய்கிறோம்.

கிலோவைத் தட்டியதுமே பதிவாகிவிடுவதால் 'சேமி' பொத்தானை எடுத்துவிட்டோம். ரத்தோட்டைப் பக்கம் கொண்டுபோய்க் காட்டினால் ஒரு அக்கா கேட்கிறார்: "தம்பி, பட்டன அமத்தாம எப்புடி ஏறுச்சினு நான் நம்புறது?" நியாயமான கேள்வி. இப்போது பொத்தான் திரும்பி வந்திருக்கிறது. அமத்தினால் அது எதையும் சேமிப்பதில்லை. தரவுத்தளத்திலிருந்து அன்றைய மொத்தத்தை எடுத்துப் பெரிய எழுத்தில் காட்டுகிறது.